பதிவில் இல்லாத இழை

சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் சார், ரொம்ப மெதுவாகக் கேட்டாலும் அமுக்குங்க, சந்தேகமாக இருந்தாலும் அமுக்குங்க என்று சொல்லிவிட்டு ஹெலன் என்கிற அந்தப் பெண் கனத்த கதவைச் சாத்தியதும், திருமூர்த்திக்கு முதலில் தோன்றியது இந்த அறையை அப்படியே பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன என்பதுதான். காது இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்க வந்த இடத்தில் மனுஷனுக்கு வருகிற ஆசையைப் பாருங்கள். நாலு விரல் கனத்துக்குக் கதவு, சுவர் முழுக்கத் துளைபோட்ட தகடு, தகட்டுக்குப் பின்னால் பஞ்சு, தரையில் கம்பளம், ஒரு நாற்காலி, ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். கணபதி ஏரியாவில் அவன் வீட்டுக்கு எதிர்ப்பட்டறையில் காலை ஆறு மணிக்கே லேத் ஓடத் தொடங்கிவிடும், அப்புறம் பால்காரன் ஹாரன், குக்கர், மேல்வீட்டுக்காரரின் பக்திப் பாட்டு. இத்தனைக்கும் நடுவில் ஹெட்போனைக் காதில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு ஸ்வரம் மெல்ல மெல்ல வடிந்து ஒன்றுமில்லாமல் ஆகிற அந்தக் கடைசி நாலு விநாடிக்காகப் பன்னிரண்டு வருஷமாகத் தவம் கிடந்தவன். வடிகிற இடத்தில் லேத் கிறீச்சிடும். அந்த நாலு விநாடி சுத்தமாகக் கிடைக்க இப்படி ஓர் அறை வேண்டும் என்று மனைவி சுகந்தியிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பான், அவளும் எத்தனை தடவை, ஆமாமா, கட்டிக்கலாம், உங்க பென்ஷன் பணத்துல என்று சொல்லியிருப்பாள். கிடைத்துவிட்டது அறை. பட்டறை இல்லை, குக்கர் இல்லை, வெளியே அவினாசி ரோட்டில் போகிற பஸ் இல்லை. இடது காதில் ஓடுகிற அந்தச் சத்தம் மட்டும் இருக்கிறது. ஒல்லியாக, உயரத்தில், இழுத்துக் கட்டிய கம்பியாக, மூச்சே விடாமல். வெளியில் இருந்தபோதாவது வண்டி இரைச்சலில் கொஞ்சம் ஒளிந்துகொண்டிருந்தது, இங்கே ஒளிய அதற்கு இடமும் இல்லை, அவசியமும் இல்லை. திருமூர்த்தி பொத்தானை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான், உள்ளங்கை ஈரத்தைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி வலது கைக்கே மாற்றினான்.

முதலில் வலது காது. டூ டூ டூ என்று வந்தது, அமுக்கினான். கொஞ்சம் மெதுவாக வந்தது, அமுக்கினான். இன்னும் மெதுவாக, வேறு யாராயிருந்தாலும் விட்டிருப்பார்கள், திருமூர்த்தி விடவில்லை, அந்தக் காது நல்ல காது, சொக்கத்தங்கம். கண்ணாடிக்கு அந்தப்புறம் ஹெலன் குனிந்து எதையோ குறித்தாள். அவளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் சுகந்தி உட்கார்ந்திருந்தாள், மடியில் அவனுடைய பை, பை மேல் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. போஸ்ட் ஆபீசில் கவுன்ட்டரில் உட்காருகிறவள், அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இவன் தலை நிமிர்ந்தால் போதும், பார்த்துச் சிரிக்கிறாள். பத்து நாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறவளின் சிரிப்பு அது. பத்து நாளாங்க என்று டாக்டர் கேட்டார், ஆமாங்க, ஒரு பத்து நாள் இருக்குமுங்க என்று இவன் வாய் சொன்னது, பக்கத்திலிருந்து அவளும், ஆமாங்க சார், பத்து நாளாத்தான் டிவி சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைக்கறாரு என்று சாட்சி சொன்னாள். நல்லவேளை, சீக்கிரமா வந்தீங்க என்றார் டாக்டர். நரம்பு திடீர்னு சோர்ந்துபோறது இது, ரெண்டு வாரத்துக்குள்ள வந்தா மருந்துக்கு மடங்கும், ஒரு மாசம் வரைக்கும்கூட முயற்சி பண்ணலாம், அதுக்கு மேலன்னா சர்க்கரையை ஏத்திவிட்டதுதான் மிச்சம். உங்களுக்குச் சர்க்கரை இருக்கா? இருக்குங்க. அப்ப ஸ்டீராய்டு குடுக்கும்போது ஜாக்கிரதையா இருக்கணும், ஏறும், ஆனா பத்து நாள்தானே, குடுத்துப் பாக்கலாம், காதுக்குள்ளேயே ஊசி போடலாம், முதல்ல டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. அவ்வளவுதான் பேச்சு. ரெண்டு நிமிஷம்கூட இல்லை. எழுந்து வரும்போது சுகந்தி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பாத்தீங்களா, நேரத்தோட வந்துட்டோம் என்றாள்.

பத்து நாள் என்பது முழுப்பொய்யும் இல்லை என்று திருமூர்த்தி தனக்குள் வாதாடினான். தெரிந்து பத்து நாள். தெரிவதற்கு முன்னால் நடந்ததெல்லாம் கணக்கில் வருமா? காதுக்குத் தெரியும், காது சொல்லவில்லை, தப்பு யாருடையது? டூ டூ டூ, அமுக்கினான். காதும் சொல்லாமல் இல்லை. அவனுக்கு வேலை பம்ப் கம்பெனியில், மோட்டார் டெஸ்டிங். மோட்டாரை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் இருக்கிற இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் உள்ளே என்ன உரசுகிறது என்று சொல்லிவிடலாம், இருபத்திமூன்று வருஷமாக இடது காதில்தான் வைப்பான். அக்டோபரில் ஒருநாள் பார்த்தால் கை தானாக வலது காதுக்குப் போகிறது. ஏண்ணா, இன்னைக்கு அந்தப் பக்கம் என்று கூட வேலை செய்கிற சபாபதி கேட்டதற்கு, கழுத்து வலிக்குதுப்பா என்றான். கழுத்து வலிக்கவில்லை. சொன்ன அந்த நொடியில் வலிக்கிறது என்று அவனே நம்பினான், சாயங்காலம் தைலம்கூடத் தேய்த்துக்கொண்டான். கைக்குத் தெரிந்திருக்கிறது, கழுத்துக்குத் தெரிந்திருக்கிறது, இந்த மண்டைக்குத்தான் தெரியவில்லை. இல்லை, மண்டைக்கு வேறு ஒன்று தெரிந்திருந்தது, அதுதான் வினை. டூ டூ. இது நிஜமாக வந்ததா? அமுக்கினான், சந்தேகமாக இருந்தாலும் அமுக்கலாம்.

அந்த மோட்டார்களிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. இருநூறு மோட்டார் ஒரே நேரத்தில் ஓடும்போது அந்தக் கூடத்தில் ஒரு ஹம்மிங் எழும்பும், புதிதாக வருகிறவனுக்குத் தலைவலி, திருமூர்த்திக்கு அதில் பத்துப் பன்னிரண்டு அடுக்கு கேட்கும், ஒன்று மேலே ஒன்று ஏறி, விலகி, மறுபடி சேர்ந்து. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள் என்று சொல்லாமலே வைத்திருந்தான். ஒருநாள் கம்ப்யூட்டர் வேலைக்குப் பெங்களூரிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் சாப்பாட்டு நேரத்தில் தன் ஹெட்போனை இவன் காதில் மாட்டிவிட்டார். பாடுகிறவர் கிடையாது, பல்லவி கிடையாது. அடியில் ஒரு பேஸ், நெஞ்சுக்கூட்டில் வந்து உட்காருகிற பேஸ், அதன் மேல் மூணு நாலு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கிற ஒரே ஒரு கார்டு, அது எதிரொலித்து, எதிரொலியும் எதிரொலித்து, தேய்ந்து, மங்கி, அது முழுசாகப் போவதற்குள் அடுத்தது. ஜமைக்காவில் பிறந்தது, டப் என்று பேர், ஜெர்மனிக்குப் போய் இப்படி மாறிவிட்டது என்று அவர் சொன்னார். இன்னொன்றில் தாள அடியும் இல்லை, வெறும் மூட்டம், அதற்கு ஆம்பியன்ட் என்று பேர். திருமூர்த்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சாம்பார் சாதம் ஆறிப்போனது. நான் கேட்கிறதை எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்த அன்றைக்கு அவன் அடைந்த சந்தோஷம் இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை, சுகந்தி தப்பாக நினைக்கக்கூடாது. அவள் இதற்கு வைத்த பேர் ஃபிரிட்ஜ் பாட்டு. ஏனுங்க, ஃபிரிட்ஜ் பாட்டு கேக்கறீங்களா, இல்ல நிஜமாவே ஃபிரிட்ஜ்தான் ஓடுதா என்பாள். கேலிதான், தடுத்ததில்லை. ஹெட்போனுக்கு மூன்று மாச போனஸைக் கொட்டியபோதுகூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது ரெண்டு நாள்தான். அப்படிப்பட்டவளை உட்கார வைத்துப் பத்து நாள் என்று சொல்லியிருக்கிறான்.

இப்ப இடது காது சார் என்று ஹெலனின் குரல் ஹெட்போனில் வந்தது. தலையை ஆட்டினான். காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப்புறம் ஹெலனின் விரல் ஒரு பொத்தானை அழுத்துவது தெரிந்தது. அழுத்துகிறாளென்றால் ஏதோ கொடுக்கிறாள், கொடுக்கிறது கேட்கவில்லை. மெல்லக் கொடுக்கிறாளாக இருக்கும், கூட்டுவாள். கூட்டினாள். ம், வருகிறது, அடி சத்தம், பெருத்த சத்தம், இது கேட்கிறது, அமுக்கினான். சுருதியில் கொஞ்சம் மேலே போனாள், கேட்டது, அமுக்கினான். இன்னும் மேலே. இல்லை. எதுவும் இல்லை. மேலே என்று ஒரு இடமே இல்லாமல் போய்விட்டது, அந்த இடத்தில் அது ஒன்றுதான் குடியிருக்கிறது. எண்பத்திமூன்று நாளாகக் குடியிருக்கிறது. நாள் சரியாகத் தெரியும், அதுதான் வெட்கக்கேடு. செப்டம்பர் பதினொன்று. மாரிஸ் என்று லாட்வியாக்காரர் ஒருவர், குளிர் தேசத்தில் தனியாக உட்கார்ந்து வருஷத்துக்கு ஒரு இசைப்பதிவு செய்கிறவர், அவருடைய புதுப் பதிவு அன்றைக்குத்தான் வந்தது. ஒரே துண்டு, நாற்பத்தேழு நிமிஷம். திருமூர்த்தி குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டான். அடியில் பேஸ், அதன் மேல் ஈரமான மூட்டம், இதெல்லாம் அவர் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் இருபதாவது நிமிஷமோ என்னவோ, எல்லாவற்றுக்கும் மேலே, இடது பக்கத்தில் மட்டும், ஒரு மெல்லிய இழை ஏறியது. ஏறியது இறங்கவில்லை. அடேயப்பா, என்ன துணிச்சல் இந்த மனுஷனுக்கு என்று திருமூர்த்திக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷம் கீழேயே புரண்டுகொண்டிருந்தவர், இப்போது ஒற்றை இழையை இவ்வளவு உயரத்தில் நிறுத்திவைத்து, அதை மாற்றவும் மாட்டேன் நிறுத்தவும் மாட்டேன் என்கிறார். தலை லேசாகச் சுற்றியது. சந்தோஷத்தில் சுற்றுகிறது என்று நினைத்தான். டாக்டர் அதையும் கேட்டார், தலைசுத்தல் இருந்துச்சா? இல்லீங்க என்றான்.

பதிவு முடிந்து ஹெட்போனைக் கழற்றிய பிறகும் இழை நிற்கவில்லை. இதில் என்ன ஆச்சரியம்? நல்ல ட்ரோன் இசை என்றால் அப்படித்தான், ஒரே ஸ்வரம் நீளமாக ஓடுகிற சங்கதி, முடிந்த பிறகும் கூடவே தெருவுக்கு வரும், பஸ்ஸில் ஏறும், இது இந்த ரசிகர்கள் எல்லாருக்கும் தெரியும், எவ்வளவு தூரம் கூட வருகிறது என்று பீற்றிக்கொள்வதும் உண்டு. திருமூர்த்திக்கு இது உக்கடம் வரை வந்தது, பம்ப் கம்பெனிக்குள் வந்தது, மோட்டார்களின் ஹம்மிங் மேல் உட்கார்ந்துகொண்டு அதையும் அழகாக்கியது. ஒன்பது நாள் கழித்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மாரிஸின் இணையப் பக்கத்தில் நீளமாக ஒன்று எழுதினான். இந்தத் துண்டின் உயிர் மேலே ஓடுகிற அந்த இழைதான், அது முடிந்த பிறகும் முடிவதில்லை, என் ஊர் முழுக்க இப்போது அதற்குக் கீழே இயங்குகிறது, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது. எழுதிவிட்டுப் பத்துத் தடவை படித்துப் பார்த்துக்கொண்டான். இருபத்தேழு பேர் விருப்பம் போட்டார்கள். சிலி தேசத்திலிருந்து ஒருத்தன், ஆமாம் நண்பா, அந்த இழை எனக்கும் கேட்கிறது, அபாரம் என்று எழுதினான். பாவி. அவனுக்கு என்ன கேட்டதோ, எனக்குக் கேட்காமல் போய்விட்டது என்று சொல்ல வெட்கப்பட்டு எழுதியிருப்பான். அந்த ஒரு வரிதான் இவனை முழுசாகக் கவிழ்த்தது. செப்டம்பர் இருபது. அன்றைக்குக்கூட ஒன்பது நாள்தான். அன்றைக்கு வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் ஊசி போட்டிருப்பார்கள். விருப்பம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், மடையன், மடையன், மடையன்.

மடையன் என்று மூன்று தடவை சொன்னதில் ஒரு தாள அளவு விழுந்தது. ஹெலன் கொடுக்கிற சத்தங்களுக்கும் ஒரு அளவு இருந்ததாக அவனுக்குத் தோன்றியது, கேட்கிறபோது கவனித்திருந்தான், மூன்று டூ, அப்புறம் நாலு எண்ணும் நேரம் சும்மா, மறுபடி மூன்று. டப் கேட்டுப் பழகியவனுக்கு இது பெரிய விஷயமா? அந்த இசையில் பாதி நேரம் எதையும் வாசிக்கமாட்டார்கள், வாசிக்காத இடத்தையும் எண்ணிக்கொண்டே இருந்தால்தான் அடி விழும்போது நெஞ்சு தயாராக இருக்கும். எண்ணினான். ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு, இப்போது வந்திருக்கும், அமுக்கினான். ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு, அமுக்கினான். கேட்டதா? கேட்ட மாதிரிதான் இருந்தது, இழைக்குப் பின்னால் ஏதோ அசைந்த மாதிரி. கேட்காமலா கை போகும்? முதலில் சொக்கத்தங்கமான காதுக்கு மெல்லிய சத்தமெல்லாம் கேட்டதே, இந்தக் காதுக்கும் கேட்கும், கொஞ்சம் முயற்சி வேண்டும், கவனம் வேண்டும், அமுக்கினான். டெஸ்ட் நன்றாக வந்துவிட்டால் டாக்டர் எதையும் கேட்கப்போவதில்லை. பத்து நாள் என்று டாக்டர் நம்பிவிட்டால் காதும் நம்பிவிடும். அமுக்கினான். அமுக்க அமுக்க நிம்மதியாகக்கூட இருந்தது, சுகந்தியைப் பார்த்து லேசாகச் சிரித்தான், அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நாலு. அமுக்கினான். கதவு திறந்தது.

“சார்” என்றாள் ஹெலன். சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கும், கோபமில்லை, குரலில் தயக்கம்தான். “ஒரு நிமிஷத்துக்கு மேலா நான் எதுவுமே குடுக்கலை சார். சும்மா பாத்துட்டு இருந்தேன். நீங்க பதினோரு தடவை அமுக்கிட்டீங்க.”

கையும் களவுமாகப் பிடிபட்டவன் என்ன செய்வான்? “ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சும்மா” என்றான்.

“காதுக்குள்ள ஏற்கெனவே சத்தம் ஏதாவது ஓடுதா சார்?”

“ஓடுது.”

“எத்தனை நாளா?”

மறுபடி அதே கேள்வி. திறந்த கதவு வழியே சுகந்தி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பத்து நாளா” என்றான். ரெண்டாவது தடவை சொல்லும்போது பொய் இன்னும் சுலபமாக வந்தது, அதுதான் பயமாக இருந்தது. ஹெலன் சீட்டில் பத்து என்று எழுதுவதை அவன் பார்த்தான்.

மறுபடி செய்தாள், இந்தத் தடவை அளவு எதுவும் இல்லாமல், ஒன்று இங்கே, ஒன்று எங்கேயோ, எண்ணவே விடாமல். அவன் எண்ணவும் இல்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தான். கேட்காததற்கு அமுக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது, விரல் துடித்தது, விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டான். மாரிஸ் பதில் போடாமலே இருந்திருக்கலாம். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் இணையப் பக்கம் வருவாராம், நவம்பர் நடுவில் பதில் போட்டிருந்தார். நண்பா, இவ்வளவு அழகாக என் இசையைப் பற்றி யாரும் எழுதியதில்லை, ஆனால் அப்படி ஒரு சத்தத்தை நான் வைக்கவில்லை, நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டேன், நீ சொல்கிற உயரத்தில் இந்தப் பதிவில் ஒன்றுமே கிடையாது, உன் ஹெட்போனைச் சரிபார். படித்ததும் திருமூர்த்திக்குக் கோபம்தான் வந்தது, செய்தவனுக்கே தெரியவில்லை என்று. ஹெட்போனைச் சரிபார்த்தான். வயரை மாற்றினான். கடையில் போய் வேறு ஹெட்போனில் கேட்டான், அதிலும் இருந்தது, பார்த்தீர்களா என்று கடைக்காரரிடம் வெற்றியோடு சொன்னான், அவர் விழித்தார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறைக்கு லீவு, சுகந்தி கோயிலுக்குப் போயிருந்தாள், எதையும் போடாமல், எதையும் மாட்டாமல், சும்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது, வலது காதை விரலால் அடைத்துப் பார்த்தான், இழை இருந்தது. இடது காதை அடைத்துப் பார்த்தான், இருந்தது. ரெண்டையும் அடைத்துக்கொண்டு குளியலறையில் போய் நின்றான். அன்றிலிருந்து பத்து நாள்.

அதே சத்தம்தான். ஒரு இம்மி கூடவில்லை, குறையவில்லை. சனிக்கிழமை வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியவன் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதனால் தூங்கவில்லை. சனிக்கிழமை அழகாக இருந்தது எப்படி ஞாயிற்றுக்கிழமை பேயாக மாறும்? இந்த இடத்துக்கு வந்தால் யோசனை அப்படியே சிக்கிக்கொள்கிறது, முன்னாலும் போகாது பின்னாலும் போகாது. அழகு என்று சொன்னவன் பொய் சொன்னானா, பேய் என்கிறவன் பொய் சொல்கிறானா?

“இப்ப கடைசி டெஸ்ட் சார்” என்றாள் ஹெலன். “வலது காதுல நான் ஒரு சத்தம் குடுப்பேன். உங்க இடது காதுல ஓடற சத்தத்தோட அது ஒத்துப்போகுதான்னு மட்டும் சொல்லுங்க. மேலயா, கீழயா.”

இது திருமூர்த்தி எதிர்பார்க்காதது. முதல் சத்தம் வந்ததும், “மேலே” என்றான். அடுத்தது. “இன்னும் மேலே.” அடுத்தது. “இது தாண்டிருச்சு, கொஞ்சூண்டு கீழே வாங்க.” நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். பேரிங் கேட்கிறவனின் காது அது, மாரிஸைப் பத்து வருஷம் கேட்டவனின் காது, இந்த வேலை அதற்குக் கைவந்த கலை. “இது கிட்டத்தட்ட சரி, ஆனா நம்மளுது இதைவிட ஒல்லி. இது தடிமனா இருக்குது. நம்மளுதுல ஓரத்துல லேசா ஒரு நடுக்கம் இருக்கும், ரெண்டு இழையை முறுக்கி விட்டாப்புல, கவனிச்சாத்தான் தெரியும். நெம்ப நேரம் கேட்டா அது அசையாதது மாதிரியும் இருக்கும், போய்க்கிட்டே இருக்கிறது மாதிரியும் இருக்கும்.” பேசிக்கொண்டே போனான். கைகள் காற்றில் இழையை இழுத்துக் காட்டின. நம்மளுது, நம்மளுது என்று சொல்லிக்கொண்டிருந்தது அவன் காதிலேயே விழவில்லை.

“ஆறாயிரம் ஹெர்ட்ஸ்” என்றாள் ஹெலன். எழுதினாள். “எல்லாரும் வண்டு மாதிரி, குக்கர் மாதிரின்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க சார். இப்படி யாரும் சொன்னதில்லை.”

அந்த நொடியில் அவனுக்குப் பெருமையாக இருந்தது. மறுநொடியே, ஐயோ, நான் எதற்குப் பெருமைப்படுகிறேன் என்று நாற்காலியின் நுனியிலிருந்து பின்னுக்கு நகர்ந்துகொண்டான். ஆறாயிரம். நாலாயிரத்துக்கு மேல் ஒன்றுமில்லை என்று மாரிஸ் சொல்லியிருக்கிறார். முடிந்தது. இனி வாதாட இடமில்லை. இத்தனை நாளில் இந்தச் சத்தத்தைத் தன் தலைக்கு வெளியே கேட்டது இதுதான் முதல் தடவை, இன்னொருத்திக்கும் இது கேட்டிருக்கிறது, அது உலகத்தில் இருக்கிறது. அவன் வாய் தானாகக் கேட்டது: “இதை அவளுக்குக் கேக்கற மாதிரி போட முடியுமாம்மா?”

ஹெலன் யோசித்தாள். சின்னக் குழந்தைகளைச் சோதிக்க அறையில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. சுகந்தியை உள்ளே கூப்பிட்டாள். சுகந்தி பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, இடம் போதாமல், அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். என்னங்க, நல்லா வந்திருக்கா என்று கிசுகிசுத்தாள். ஹெலன் வெளியே போய்ப் போட்டாள்.

சுகந்தி முதலில் புரியாமல் பார்த்தாள். ஐந்து விநாடி. முகம் சுருங்கியது. பத்து விநாடி. பையைக் கீழே போட்டுவிட்டு ரெண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “நிறுத்தச் சொல்லுங்க! நிறுத்துங்கம்மா, போதுமுங்க!”

ஹெலன் நிறுத்தினாள்.

“அப்பாடா” என்றாள் சுகந்தி, மூச்சை விட்டு. கையைக் காதிலிருந்து எடுத்தாள். எடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் முகத்தில் அப்பாடா இல்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவளுக்குப் புரிவது அவனுக்குத் தெரிந்தது, முதலில் கண்ணில், அப்புறம் வாயில். “உங்களுக்கு... நிக்கலையா?”

“இல்ல.”

“இப்பவும் ஓடுதா?”

“ஓடுது.”

“கடவுளே” என்றாள். கீழே உட்கார்ந்தே விட்டாள், கம்பளத்தில், அவன் கால்மாட்டில். “பத்து நாளா இதை வெச்சுட்டு எப்படீங்க இருந்தீங்க? முதல் நாளே சொல்றதுக்கென்ன? சரி விடுங்க, ஊசி போட்டா நின்னுரும், டாக்டர்தான் சொன்னாரே, சர்க்கரை ஏறுனா ஏறிட்டுப் போகட்டும், நான் அரிசியையே ஒளிச்சு வெச்சுடறேன்...”

இவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் இன்றைக்கே மாத்திரை, நாளைக்கு ஊசி, காது திரும்பாது, சர்க்கரைதான் ஏறும், இவள் அரிசியை ஒளித்து வைத்துக்கொண்டு, தினமும் சாயங்காலம், நின்னுருச்சாங்க, நின்னுருச்சாங்க என்று கேட்பாள். ஒவ்வொரு நாளும் அவள் முகம் மேலே ஏறிக் கீழே விழுவதைப் பார்க்க வேண்டும். அந்த முகத்தை நினைத்ததும் அவனால் முடியவில்லை.

“பத்து நாள் இல்ல சுகந்தி.”

“என்ன?”

“எண்பத்திமூணு நாள் ஆச்சு.”

கதவருகே ஹெலன் நின்றுவிட்டாள். சுகந்தி அண்ணாந்து பார்த்தாள். போஸ்ட் ஆபீஸ்காரி, நாளை எண்ணி மாசத்தைச் சொல்ல அவளுக்கு நேரமாகாது. “செப்டம்பர்லருந்தா? டாக்டர்கிட்ட பத்து நாள்னு... ஒரு மாசத்துக்கு மேலன்னா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொன்னாரே... செப்டம்பர்லருந்து இந்தச் சத்தத்தை வெச்சுக்கிட்டு, வாயைத் தொறக்காம, ஏனுங்க, ஏன் சொல்லலை?” அவன் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள். “என்கிட்ட ஏன் சொல்லலை?”

“பாட்டுன்னு நெனச்சுட்டேன்.”

“எது?”

“இதுதான். புதுசா வந்த பதிவுல இருக்குதுன்னு நெனச்சுட்டேன். இது காதுன்னு தெரியல.”

சுகந்தி ஸ்பீக்கரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பத்து விநாடி தாங்காமல் காதைப் பொத்திய கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. “இதையா?” என்றாள், ரொம்ப மெதுவாக. “இதையா இத்தனை நாளும் பாட்டுன்னு கேட்டீங்க?”

“நல்லா இருந்துச்சு சுகந்தி” என்றான் திருமூர்த்தி. “நிஜமா, நெம்ப நல்லா இருந்துச்சு.” சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது, ஹெலன் இருக்கிறாளே என்றுகூடப் பார்க்காமல், இந்தப் பத்து நாளில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதான்.